நச்சுப் பக்கத்தைக் கண்டறிவது எப்படி?

பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் முற்காலத்தில் கேனரி என்னும் சிறு பறவையைக் கூண்டில் வைத்து எடுத்துச் செல்வார்கள். நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வாயு அங்கே பரவியிருந்தால், முதலில் அப்பறவை மயங்கி விழும். தொழிலாளர்கள் உடனே வெளியேறிவிடுவார்கள். இன்று வலைத்தளங்களில் நச்சு நிரல்களைத் தேடும் ஆய்வாளர்களும் ஏறக்குறைய இதே முறையைத்தான் கையாளுகிறார்கள்.

உரியவரின் அனுமதியின்றிக் கணிப்பொறிக்குள் புகுந்து, கடவுச்சொல்லைத் திருடுவது போன்ற தீய வேலைகளைச் செய்யும் நிரலையே நச்சு நிரல் என்கிறோம். உலாவியில் பழுது இருந்தால், ஒரு பக்கத்தைத் திறந்த மாத்திரத்திலேயே அது உள்ளே புகுந்துவிடக் கூடும். நாம் எதையும் சொடுக்க வேண்டியதில்லை.

பக்கத்தின் தோற்றத்தை வைத்து இதை அறிய முடியுமா? முடியாது. நல்லவர் நடத்தும் தளத்தையே திருடர்கள் கைப்பற்றியிருக்கலாம். அதில் தோன்றும் விளம்பரம் வேறோர் இடத்திலிருந்து நஞ்சைக் கொண்டு வரலாம்.

2007-ஆம் ஆண்டில் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றைக் காண்போம். கணிப்பொறிக்குள் மென்பொருளாலேயே இன்னொரு கணிப்பொறியை அமைக்கலாம். இதனை மெய்நிகர் கணிப்பொறி என்பர். ஐயத்துக்குரிய பக்கத்தை அதில் திறந்துவிட்டு, ஆய்வாளர்கள் எதையும் தொடாமல் கவனித்தார்கள். புதிய நிரல் ஏதேனும் ஓடத் தொடங்குகிறதா? கோப்புகள் மாறுகின்றனவா? நாம் ஒன்றும் செய்யாதபோது இவை நேர்ந்தால், அப்பக்கத்தின் மீதுதானே ஐயம் விழும்? மற்றவற்றை நிலையாக வைத்து, ஒன்றை மட்டும் மாற்றி விளைவைக் காணும் நம் சோதனைச்சாலை முறைதான் இது. சோதனை முடிந்ததும் அக்கணிப்பொறியை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். கேனரிக்குக் கிட்டாத வசதி!

இவ்வாறு சுமார் 45 இலட்சம் முகவரிகளைச் சோதித்ததில், ஏறத்தாழ 4,50,000 முகவரிகள் நச்சு நிரலைச் செலுத்தின. அப்படியானால் வலையில் பத்தில் ஒரு பக்கம் நஞ்சா? அவசரப்படாதீர்கள். நூற்றுக்கணக்கான கோடிப் பக்கங்களிலிருந்து, ஐயத்துக்குரியவற்றை முதலில் பொறுக்கியெடுத்தே சோதித்தார்கள். மருத்துவமனையில் எடுத்த காய்ச்சல் கணக்கை ஊர் முழுவதற்கும் பொருத்தலாமா? எந்தப் புள்ளிவிவரத்தைக் கண்டாலும், மாதிரி எப்படி எடுக்கப்பட்டது என்று கேளுங்கள்.

திருடர்களும் சும்மா இருப்பதில்லை. சில நச்சு நிரல்கள், தாம் இருப்பது மெய்நிகர் கணிப்பொறியா என்று முதலில் பார்க்கும்; ஆம் எனில் நல்ல பிள்ளைபோல் அடங்கிக் கிடக்கும். ஆகவே, மாற்றம் ஒன்றும் தெரியவில்லை என்பது மட்டுமே நஞ்சு இல்லை என்பதற்கு நிரூபணம் ஆகாது.

மாணவர்களே! இத்தகைய ஆய்வுகளால் கிடைக்கும் பட்டியல்களைக் கொண்டே உலாவி சில வேளைகளில் சிவப்பு எச்சரிக்கை காட்டி நம்மைத் தடுக்கிறது. அதை மீறிச் செல்லாதீர்கள். உலாவியைப் புதுப்பிக்கும்படி செய்தி வந்தால் நாளை என்று தள்ளிப் போடாதீர்கள். நஞ்சு நுழையும் ஓட்டைகள் பல அதனால்தான் அடைபடுகின்றன.