வழி அடைபடுமுன் செய்யவேண்டிய ஆயத்தம்

மலைநாட்டு நெல், மரக்கறிக் கமக்காரருக்குச் சில யோசனைகள்

கமக்காரரே! உங்கள் வருவாய் நிலத்தை மாத்திரம் நம்பியிருப்பதன்று. விதைக்கிழங்கும் பசளையும் கப்பலில் வந்து, கொழும்பிலிருந்து லொறியில் மலையேறி, நுவரெலியாவையும் ஹற்றனையும் அடைதல் வேண்டும். விளைந்த கோவாவும் கரட்டும் லீக்ஸும் மலையிறங்கித் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போதல் வேண்டும். விதை முதல் சந்தை வரையுள்ள இத்தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும், நன்கு விளைந்த பயிரும் கடனாகவே முடியும்.

அண்மை ஆண்டுகளில் இத்தொடர் மூன்று முறை அறுந்தது. 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் மாதம் தடை நீங்கிய போதிலும், அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. 2022இல் அந்நியச் செலாவணி இன்மையால் எரிபொருள் கிடையாமற் போயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் மண்சரிந்து வீதிகள் பல அடைபட்டன. மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் சேதமுற்றது. முதலாவது கட்டளையால் வந்தது. இரண்டாவது பணமுடையால் வந்தது. மூன்றாவது வானத்திலிருந்து வந்தது. அடுத்தது எவ்வழி வருமென அறிய இயலாது. ஆதலால் எவ்வகை இடருக்கும் உதவக்கூடிய ஆயத்தத்தையே நாம் செய்தல் வேண்டும்.

தேயிலைத் தோட்டங்களும் இவ்விடர்களுக்குத் தப்பவில்லை. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோகிராமாயிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 25 கோடியாகக் குறைந்தது. ஆயினும் பதப்படுத்திய தேயிலை ஏலத்துக்காகச் சில வாரங்கள் காத்திருக்கும். வெட்டிய கோவா காத்திராது. ஆகவே மரக்கறி செய்வோருக்கு முன்னாயத்தம் இன்னும் அவசியமாகும்.

1. விதை

உருளைக்கிழங்குச் செய்கையில் பெருஞ்செலவு விதைக்கிழங்குக்கே ஆகின்றது. வெளிநாட்டு விதை வரத் தாமதித்தால் போகமே தவறிவிடும். எனவே தேவையான விதையில் ஒரு பகுதியையேனும் உங்கள் நிலத்திலே உண்டாக்குங்கள். பயிர் பசுமையாக நிற்கும்போதே நோயற்ற செடிகளுக்கு அடையாளக் குச்சி நட்டு, அவற்றின் கிழங்குகளை வேறாகக் கிண்டி எடுங்கள். 30 முதல் 60 கிராம் வரை நிறையுள்ளவை ஏற்றவை. அவற்றைத் தட்டுகளில் மெல்லிய படையாகப் பரப்பி, நேர்வெயில் படாது வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் வைத்தால், முளைகள் குறுகிப் பருத்துப் பசுமையாக வளரும். பற்றீரியா வாடல் கண்ட பாத்தியிலிருந்து ஒரு கிழங்கேனும் விதைக்கு எடுத்தல் ஆகாது. ஒரே விதையைப் பல போகங்களுக்குத் தொடர்ந்து பாவித்தால் வைரசு நோய்கள் பெருகும்; ஆதலால் போகந்தோறும் ஒரு பங்கு புதுவிதை சேர்த்துக்கொள்க.

போஞ்சியில் கலப்பின வகையல்லாதவற்றின் விதையை நீங்களே எடுத்து வைக்கலாம். வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதிகளில் நெல் விதைப்போர், விதைநெல்லை ஈரம் நூற்றுக்கு 13 பங்குக்கு மேற்படாதவாறு உலர்த்திச் சேமித்தல் நன்று.

2. பசளை

இரசாயனப் பசளையை ஒரேயடியாகக் கைவிடுவதும் தவறு. அதனை மாத்திரமே நம்பியிருப்பதும் தவறு. 50 கிலோகிராம் யூரியாவில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. கூட்டெருவிலோ நூற்றுக்கு 1 அல்லது 2 பங்கே இருக்கும். எனினும் கூட்டெரு மண்ணின் ஈரத்தையும் இளக்கத்தையும் காத்து, இட்ட பசளை வீணாகாமற் செய்யும். சாணத்தையும் புல்லையும் நோயற்ற மரக்கறிக் கழிவையும் மாறிமாறி அடுக்கி, 1 மீற்றர் உயரமாகக் குவித்து, 2 அல்லது 3 வாரங்களுக்கு ஒருமுறை புரட்டினால், ஏறத்தாழ 3 மாதத்தில் எரு ஆயத்தமாகும்.

நெடுங்காலம் மிகுந்த பசளை இட்ட மலைநாட்டு மரக்கறி நிலங்களில் பொசுபரசு தங்கியிருப்பதுண்டு. மண்ணைப் பரிசோதித்து அளவறிந்து இடுவோர் குறைந்த பசளையுடனும் சமாளிப்பர், பணமும் மீதியாகும்.

3. பயிரும் அறுவடையும்

நிலம் முழுவதிலும் ஒரே பயிரை ஒரே நாளில் நடவேண்டாம். 2 வார இடைவெளியில் பகுதி பகுதியாக நடுங்கள். காத்திருக்கும் பயிர்களுக்கும் இடமளியுங்கள். லீக்ஸும் கரட்டும் பாதை திறக்கும்வரை சில நாட்கள் மண்ணிலேயே நிற்கும். உருளைக்கிழங்கின் தண்டை வெட்டிவிட்டால் கிழங்கு சிறிது காலம் மண்ணில் இருக்கும். கோவாவோ முற்றினால் வெடித்துவிடும்.

காலையில் அறுவடை செய்து நிழலில் வையுங்கள். சாக்கில் திணித்து அமுக்கிய மரக்கறி வழியிலேயே நசுங்கும். பிளாஸ்டிக் கூடைகளில் அடுக்கினால் சேதம் வெகுவாகக் குறையும்.

4. பாதையும் சந்தையும்

றம்பொடை, கம்பளை வழியாகக் கண்டிக்கு ஒரு பாதை. ஹற்றன், கினிகத்தேனை வழியாக அவிசாவளைக்கு மற்றொரு பாதை. ஒன்று அடைபடின் மற்றதால் எவரிடம் விற்பதென முன்கூட்டியே பேசி வையுங்கள். தம்புள்ளையை மாத்திரம் நம்பாது நுவரெலியா, கெப்பிட்டிபொலப் பொருளாதார மத்திய நிலையங்களுடனும் தொடர்பு வைத்திருங்கள். அருகிலுள்ள தோட்டக் குடியிருப்புகளும் சந்தையே என்பதை மறவாதீர். பாதை மூடிய நாளில் அம்மக்களுக்கு உணவும் உங்களுக்குக் காசும் கிடைக்கும்.

அயலிலுள்ள பத்துக் கமக்காரர் சேர்ந்து ஒரு லொறியை அமர்த்தினால் எரிபொருட் செலவு பங்காகும். இதனைக் கமக்காரர் அமைப்பின் மூலம் ஒழுங்குசெய்தல் எளிது.

அடுத்த போகத்துக்கு நிலம் பண்படுத்துமுன் ஒரு தாளில் நான்கு வினாக்களை எழுதுங்கள்: விதை வராவிடின் என் செய்வேன்? பசளை வராவிடின்? லொறி வராவிடின்? வாங்குவோர் வராவிடின்? விடையில்லாத வினா எதுவோ, அங்கிருந்தே உங்கள் ஆயத்தத்தைத் தொடங்குக. மண் பரிசோதனைக்கும் விதை பற்றிய விபரங்களுக்கும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ நாடுங்கள்.