இரசிகர் படமும் சார்புநூல் இலக்கணமும்

நூல்களை முதல், வழி, சார்பு என மூவகையாகப் பகுத்தார் நன்னூலாசிரியராகிய பவணந்தி முனிவர். முன்னாசிரியர் கொண்ட முடிவுகளுக்கெல்லாம் உடன்பட்டுத் தான் வேண்டும் புதுமை சில சேர்ப்பது வழிநூல்; சிறிதளவே உடன்பட்டு, ஏனையவற்றில் வேறுபட்டு நடப்பது சார்புநூல். பேய்ப்படங்களில் ஈடுபட்ட இளைஞர் தம் சிறு கைப்பொருளால் ஆக்கும் இரசிகர் படங்களை மதிப்பிடுதற்கும் இப்பகுப்பே தக்க அளவுகோல் என்பது எம் கருத்து.

புகழ்பெற்ற படமொன்றின் கதைமாந்தரைப் பிறரொருவர் உரிமை பெறாமலே எடுத்துக்கொண்டு, ஊதியம் கருதாது ஆக்கும் படமே இரசிகர் படம் எனப்படும். அமெரிக்காவில் 1980-இல் தொடங்கிய 'ஃபிரைடே தி தர்ட்டீன்த்' வரிசையை ஈண்டு நோக்குவோம். முகமூடி அணிந்து காட்டுமுகாமில் இளைஞரைக் கொல்லும் ஜேசன் என்பவன் அதன் பிற்படங்களின் கொடியோன். 2009-க்குப்பின் பல்லாண்டு அவ்வரிசையில் திரையரங்கிற்குப் புதுப்படம் வந்திலது. இடையே, முதற்படத்தின் கதையாசிரியர் விக்டர் மில்லருக்கும் தயாரிப்பாளருக்கும் உரிமைவழக்கு மூண்டு, 2021-இல் மேல்முறையீட்டிலும் மில்லர்க்கே வெற்றியாயிற்று. உரிமையாளர் வழக்காடியிருந்த அக்காலத்தேதான், 2017 அக்டோபர் 13-ஆம் நாள், வின்சென்டே டிசான்டி என்பார் இரசிகரிடம் பொருள் திரட்டி எடுத்த 'நெவர் ஹைக் அலோன்' யூடியூபில் விலையின்றி வெளிவந்தது. பழைய படங்களிற் கொலையுண்பார் ஒரு கூட்டத்தார். இதிலோ தனியே நடைப்பயணம் சென்று, பாழடைந்த முகாமைக் காணும் ஒருவனே பெரும்பகுதியும் தோன்றுகிறான். நடிகர் பலரை அமர்த்தப் பொருளில்லாதார்க்கு இது சிக்கனம். காண்பார்க்கோ அத்தனிமையே அச்சத்தை மிகுவிக்கின்றது. இது நல்ல சார்புநூல் அன்றோ! முகமூடி ஒன்றை விலைக்கு வாங்கி, கண்ட காட்சிகளையே மீண்டும் நடித்துக் காட்டுவாரும் பலர் உளர். அவர் செய்வது ஏடு பெயர்த்தெழுதுவார் தொழிலேயாம்.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி உண்டு. ஆயின் அது பேய்ப்படம் அன்று. மராட்டிய மாநிலத்து விசைத்தறி நகராகிய மாலேகாவில் ஷேக் நாசிர் என்பார் 2000-இல் 'மாலேகாவ் கே ஷோலே' எடுத்தார். குதிரைக்குப் பொருளில்லை, ஆதலின் கொள்ளையர் மிதிவண்டி ஊர்ந்து வந்தனர். வறுமையே நகைச்சுவைக்கு வித்தாயிற்று.

ஊதியம் பெறாமையே சட்டத்தினின்றும் காக்கும் என்று கருதுவார் உளர். நமது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அங்ஙனம் கூறவில்லை. செர்மனியில் 1922-இல் டிராகுலா கதையை உரிமையின்றித் தழுவி எடுத்த 'நாஸ்ஃபெராட்டு' படத்தின் படிகளை அழிக்குமாறு, நூலாசிரியரின் மனைவியார் தொடுத்த வழக்கில் 1925-இல் தீர்ப்பாயிற்று. பிறநாடுகளுக்குச் சென்றிருந்த படிகளால் அஃது உயிர் பிழைத்தது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியும் மாலேகாவைப்போல் தொழிலாளர் நிறைந்ததே. படம்பிடிக்கும் அலைபேசிகள் உலகெங்கும் செல்வது இங்குள்ள ஆலைகளிலிருந்துதான். இவ்வூர் இளைஞர் எவரேனும் பேய்ப்படம் எடுப்பாராயின், அமெரிக்கக் காட்டுமுகாமை ஏன் நாடவேண்டும்? இரவுப்பணி முடித்தார் இறங்கும் பேருந்து, பாதி காலியான பணியாளர் விடுதி, ஏரிக்கரை இருள் இவை போதாவோ? ஜேசனும் வேண்டா. கலிங்கத்துப்பரணியிற் போர்க்களத்தே கூழ் அடும் பேய்களை ஆலையின் உணவுக்கூடத்திற்கு அழைத்து வரலாம். அவற்றின்மேல் உரிமைவழக்குத் தொடுப்பார் எவருமிலர்.