பொறுப்பு ஓர் அமானிதம் - ஜமாஅத் நிர்வாகத்தில் நீதி

தொழுகையின் ஸஃப்பில் செல்வருக்கென்று தனியிடம் கிடையாது. முந்தி வந்தவர் முன் வரிசையில் நிற்கிறார். பிந்தி வந்தவர் எவராயினும் பின்னால் நிற்கிறார். கடை முதலாளியின் தோளும் அவர் கடையில் மூட்டை தூக்குபவரின் தோளும் ஒட்டி நிற்கின்றன. ஆனால் தொழுகை முடிந்து, அதே பள்ளியின் தாழ்வாரத்தில் மஹல்லாக் கூட்டம் கூடிவிட்டால் இந்த ஒழுங்கு எங்கே போய்விடுகிறது? யார் பேசுவது, யார் கேட்டுக்கொண்டிருப்பது, யாரை அழைப்பதே இல்லை என்பதெல்லாம் அங்கே முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது. ஸஃப்பில் கற்ற பாடம் நிர்வாகத்திற்குள் நுழையவில்லையென்றால், குறை எங்கே இருக்கிறதென்று சிந்திக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

நீதி என்பது எது?

ஜும்ஆ குத்பாவின் முடிவில் பெரும்பாலான பள்ளிகளில் ஓதப்படுவது ஸூரா அந்நஹ்லின் 90ஆவது வசனம். அதில் அல்லாஹு தஆலா முதலாவதாக ஏவுவது நீதியை, அதாவது ‘அத்ல்’ என்பதை. ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் வைப்பது அத்ல் என்றும், உரிய இடத்தை விட்டு வேறிடத்தில் வைப்பது ‘ளுல்ம்’ என்றும் உலமாக்கள் விளக்குவார்கள். ஆகவே எல்லோருக்கும் ஒன்றுபோல் பங்கிடுவது மட்டும் நீதியாகிவிடாது. பெருநாளைக்கு வீட்டிலுள்ள ஆறு பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் சட்டை தைத்தால் சமமாகச் செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்; உடுத்த முடியாது. அவரவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைப்பதே நீதி. தலைமைக்கும், ஆலோசனைக்கும், பொதுப்பணத்திற்கும் இந்த அளவே பொருந்தும்.

தலைமை யாருக்கு?

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 630) மக்கா வெற்றிகொள்ளப்பட்டபோது கஃபாவின் சாவி உஸ்மான் பின் தல்ஹா (ரலி) அவர்களின் குடும்பத்தாரிடம் இருந்தது. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் சொந்தக் குடும்பத்தார் அந்தச் சிறப்பைத் தங்களுக்குத் தரும்படி கேட்டார்கள். வெற்றி பெற்றவர்கள் கேட்கிறார்கள்; கொடுத்திருந்தால் தடுப்பார் யாருமில்லை. ஆனாலும் சாவி உரியவரிடமே திரும்பிச் சென்றது. அமானிதங்களை அவற்றுக்குரியவர்களிடம் ஒப்படைக்கும்படியும், மக்களிடையே நீதியாகத் தீர்ப்பளிக்கும்படியும் ஏவும் ஸூரா அந்நிஸாவின் 58ஆவது வசனத்தை இச்சம்பவத்தோடு இணைத்தே முஃபஸ்ஸிரீன்கள் விளக்குகிறார்கள்.

“அப்படியானால் பரம்பரை உரிமை செல்லுமே” என்று சிலர் கேட்கலாம். ஒரு வாசலின் சாவியைக் காப்பது வேறு. மக்களின் காரியங்களை நடத்துவது வேறு. ஹிஜ்ரி 23இல் உமர் (ரலி) அவர்கள் மரணப் படுக்கையில் கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு ஸஹாபாக்களை நியமித்தார்கள். தம் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஆலோசனையில் கலந்துகொள்ளலாம். பதவியில் அவருக்குப் பங்கில்லை என்று நிபந்தனையும் விதித்தார்கள். அந்த மகனோ கல்வியிலும் தக்வாவிலும் எவருக்கும் குறைந்தவரல்லர்.

நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்து சேருமுன், குபாவில் முஹாஜிர்களுக்கு இமாமாக நின்றவர் ஸாலிம் (ரலி). விடுதலை செய்யப்பட்ட அடிமை அவர். குறைஷிக் குலத்துப் பெரியவர்கள் அவர் பின்னே நின்று தொழுதார்கள். அவருக்கே குர்ஆன் அதிகம் தெரியும் என்பதுதான் காரணம். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் மக்காவின் ஆளுநர் நாஃபிஉ பின் அப்துல் ஹாரிஸ் (ரலி) தம் பொறுப்பை இப்னு அப்ஸா என்ற விடுதலை பெற்ற அடிமையிடம் விட்டு வந்தார்கள். கலீஃபா வினவியபோது, அவர் குர்ஆன் ஓதத் தெரிந்தவர், பாகப்பிரிவினைச் சட்டம் அறிந்தவர் என்றே பதில் வந்தது. ஹிஜ்ரி 11இல் இருபது வயதை ஒட்டிய உஸாமா (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் படைத்தலைவராக நியமித்தபோது சிலர் முணுமுணுத்தார்கள். அவருடைய தந்தை ஸைத் (ரலி) அவர்களையும் இப்படித்தான் குறை பேசினீர்கள்; அவரும் தகுதியானவரே, இவரும் தகுதியானவரே என்று நபியவர்கள் உணர்த்தினார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பதவி கேட்ட அபூதர் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் நியமிக்கவில்லை. நீர் பலவீனமானவர், இதுவோ அமானிதம் என்று அன்போடு தடுத்தார்கள். அபூதர் (ரலி) அவர்களின் தக்வாவில் யாருக்குச் சந்தேகம்? நல்லவராயிருப்பது ஒரு தகுதி. அந்தந்த வேலையைத் தாங்கும் வலிமை மற்றொரு தகுதி. குலமோ வயதோ செல்வமோ இவ்விரண்டின் இடத்தையும் நிரப்பாது.

மஷூராவில் இல்லாதவர் யார்?

உஹதுப் போருக்கு முன், ஊருக்குள்ளிருந்தே எதிர்ப்பது நபி (ஸல்) அவர்களின் எண்ணமாயிருந்தது. வெளியே செல்லவேண்டுமென்று இளைஞர்கள் பலர் வற்புறுத்தினார்கள். நபியவர்கள் ஏற்றுப் புறப்பட்டார்கள். அப்போரில் எத்தனை இழப்பு! அதற்குப் பின்னும் அல்லாஹு தஆலா, அவர்களை மன்னித்து, காரியங்களில் அவர்களோடு ஆலோசனை செய்யும்படியே ஆலு இம்ரான் 159ஆவது வசனத்தில் கட்டளையிட்டான். ஒரு முறை பிசகிவிட்டதென்று மஷூராவின் கதவை அடைத்துவிட அனுமதியில்லை.

அந்த மஷூராவில் பெண்களின் சொல்லுக்கும் இடமிருந்தது. ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில், உடன்படிக்கையால் மனமுடைந்த ஸஹாபாக்கள் குர்பானி கொடுத்துத் தலைமுடி களையத் தயங்கி நின்றபோது, தாங்களே முதலில் செய்யுங்கள் என்று யோசனை சொன்னவர்கள் அன்னை உம்மு ஸலமா (ரலி). நபியவர்கள் அப்படியே செய்தார்கள், எல்லோரும் பின்பற்றினார்கள். ஆண்களே சபையை நிறைத்துவிடுகிறார்கள் என்று பெண்கள் முறையிட்டபோது, அவர்களுக்கென்று ஒரு நாளையே நபியவர்கள் ஒதுக்கினார்கள். முடிந்தால் வந்து கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடவில்லை. வர இயலாமைக்குக் காரணம் எதுவோ அதையே மாற்றினார்கள். இதுவே அளவெடுத்துத் தைக்கும் நீதி.

இன்று நம் மஹல்லாக்களில் தலாக், குலுஉ, ஜீவனாம்சம் பற்றிய பஞ்சாயத்து நடக்கிறது. வாழ்க்கை யாருடையதோ அந்தப் பெண் பல ஊர்களில் அங்கே இருப்பதில்லை. அவள் சொல் அண்ணன் வாயாலோ மாமன் வாயாலோ பாதியாகி வந்து சேர்கிறது. 2000களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையை மையமாகக் கொண்டு முஸ்லிம் பெண்கள் தமக்கென ஒரு ஜமாஅத்தை ஏற்படுத்தினார்கள். அதைப் பற்றி யார் என்ன கருத்துக் கொண்டாலும், தங்கள் வழக்கு தாங்கள் இல்லாமலே பேசி முடிக்கப்படுகிறது என்ற அவர்களின் முறையீட்டுக்கு நம் ஜமாஅத்துகள் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதை நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களுக்குத் தடுத்திருக்கிறார்களே!

பலவீனரின் அளவே ஜமாஅத்தின் அளவு

உஸ்மான் பின் அபில் ஆஸ் (ரலி) அவர்களைத் தம் கூட்டத்தாருக்கு இமாமாக நியமித்தபோது, அவர்களில் மிகப் பலவீனமானவரைக் கருத்தில் கொண்டு தொழவைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். எவ்வளவு ஆழமான நிர்வாக விதி! வலிமையுள்ளவர் எவ்வளவு நேரம் நிற்பார் என்பதல்ல கணக்கு. முதியவரும் நோயாளியும் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்பதே கணக்கு.

இதை வைத்து நம் மஹல்லாவைப் பாருங்கள். கூலி வேலைக்குப் போகிறவர் வர முடியாத நேரத்தில் கூட்டம் வைத்தால் அவர் பெயர் தப்தரில் மட்டும் இருக்கும். சந்தா பாக்கி என்பதற்காக நிக்காஹ் தப்தரையோ மையவாடியின் வாசலையோ காட்டி ஏழையை மிரட்டினால், பலவீனரை வைத்து அளக்கவேண்டிய நாம் அவரையே வரிசையிலிருந்து தள்ளிவிட்டவர்களாவோம். பிழைப்புக்காக வேற்றூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தை எத்தனை ஆண்டுகளானாலும் ‘வெளியூரார்’ என்றே வைத்திருப்பதும் இவ்வகையே. மதீனாவின் அன்ஸார்கள் வந்தவர்களை எப்படி ஏற்றார்கள் என்று நாம் பயானில் கேட்டுக் கண்ணீர் விடுகிறோம்!

மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கிவந்த ஒருவர் இறந்தபோது, சிறிய விஷயமென்று கருதி ஸஹாபாக்கள் நபியவர்களுக்குச் சொல்லாமலே அடக்கிவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் விசாரித்தறிந்து, எனக்கேன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கபுருக்கே சென்று தொழுதார்கள். நம் பள்ளியைப் பெருக்கி, விளக்கேற்றி, பாங்கு சொல்லும் மோதினாரின் சம்பளம் கடைசியாக எந்த ஆண்டு உயர்த்தப்பட்டது? பளிங்குத் தரைக்கு வசூல் செய்யுமுன் இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும்.

கணக்கும் கண்டிப்பும்

ஸகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பிவந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்தார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் பெற்றோரின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இது வந்திருக்குமா என்று கேட்டார்கள். மக்ஸூமீ குலத்துப் பெண் திருடியபோது சிபாரிசு வந்தது. தம் மகள் ஃபாத்திமாவாயினும் சட்டம் ஒன்றே என்று மறுத்தார்கள். வக்ஃப் வாரியத்திற்குக் கணக்கு அனுப்புவது சட்டக் கடமை. மஹல்லாவுக்குக் கணக்குச் சொல்வது அமானிதக் கடமை. ஒன்றைச் செய்ததால் மற்றொன்று நிறைவேறிவிடாது.

நாம் செய்யக்கூடியவை

1. பதவிக்கு ஆளைத் தேடாமல் வேலைக்கு ஆளைத் தேடுக. கணக்குக்குக் கணக்கறிந்தவர், மக்தபுக்குக் கல்வியறிந்தவர் என்று பொறுப்புகளைப் பிரித்து, காலவரையும் வைக்கவேண்டும்.

2. கூட்டத்தின் நாளையும் பொருளையும் முன்னதாக அறிவித்து, உழைப்பாளிகள் வரக்கூடிய நேரத்தில் வைக்கவேண்டும்.

3. குடும்ப வழக்கில் பெண்ணின் சொல்லை அவள் வாயாலேயே, அவளுக்கு நம்பிக்கையான உறவினரும் மார்க்கமறிந்த பெண்மணிகளும் உடனிருக்கக் கேட்கவேண்டும்.

4. தம் உறவினரின் வழக்கு வந்தால் நிர்வாகி அந்தச் சபையிலிருந்து எழுந்துவிட வேண்டும்.

5. இயலாதவரின் சந்தாவை அவர் பெயர் வெளியே தெரியாமல் தள்ளுபடி செய்யவேண்டும்.

6. வரவு செலவை மாதந்தோறும் பலகையில் எழுதவேண்டும். இமாம், மோதினார் சம்பளத்தை ஆண்டுதோறும் பரிசீலிக்கவேண்டும்.

தாய்மார்களே, சகோதரிகளே! இந்தப் பாடம் வீட்டில்தான் தொடங்குகிறது. ஒரு மகனுக்கு மட்டும் கொடுத்த அன்பளிப்புக்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்கத் தந்தை ஒருவர் வந்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தீரா என்று கேட்டு, இல்லையென்றதும் நபியவர்கள் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். சாப்பாட்டுத் தட்டிலும் படிப்புச் செலவிலும் நீதியைக் கண்டு வளரும் பிள்ளையே நாளை மஹல்லாவின் பொறுப்பில் உட்காரும்போது நீதியை மறக்காது.

நம்மில் ஒவ்வொருவரும் மேய்ப்பாளரே, ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவோம். பொறுப்பை அமானிதமாகச் சுமக்கும் தலைவர்களையும், பலவீனரை மறவாத ஜமாஅத்தையும் அல்லாஹு தஆலா நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.