வேர்ட்பிரஸில் சொந்த பிளாக்: எந்தக் கருவியிடம் நிரல் வாங்குவது?

ஒரு பதிப்பகத்தின் வலைத்தளத்துக்கு நூல் அட்டை ஒன்று வேண்டும். அட்டைப்படம், தலைப்பு, ஆசிரியர் பெயர், விலை, வாங்குவதற்கான பொத்தான், அவ்வளவுதான். வேர்ட்பிரஸில் இப்படியொரு பிளாக் செய்ய, தொடக்க நிரலை எழுதித்தரும் கருவிகள் பல இருக்கின்றன. எல்லாமே சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடுவதால் வேகத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. நாளைக்குப் புத்தக விலை ஏறினால் எத்தனை இடத்தில் கைவைக்க வேண்டும், கருவியை நிறுத்திவிட்டால் தளத்தில் என்ன மிஞ்சும் என்று பாருங்கள்.

2018 டிசம்பரில் வெளியான 5.0 பதிப்போடு பிளாக் எடிட்டர் வேர்ட்பிரஸின் மையத்துக்கு வந்தது. அதற்கென வேர்ட்பிரஸ் திட்டமே தரும் கருவி கிரியேட்-பிளாக். கணினியில் நோட்.ஜேஎஸ் இருந்தால் போதும். டெர்மினலில் ஒரே கட்டளையில் முழு பிளகினும் ஒரு ஃபோல்டராக வந்துவிடும். உள்ளே முக்கியமானவை இரண்டு கோப்புகள். எழுதும்போது திரையில் தெரிவதை எடிட் கோப்பு பார்த்துக்கொள்கிறது. சேவ் கோப்பு உருவாக்கும் எச்டிஎம்எல் அப்படியே பதிவோடு சேர்ந்து தரவுத்தளத்தில் உட்கார்ந்துவிடுகிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. முந்நூறு பதிவுகளில் நூல் அட்டையைப் போட்டபின் பொத்தானை இடம் மாற்ற சேவ் கோப்பைத் திருத்தினால், பழைய பதிவுகளை எடிட்டரில் திறக்கும்போது அந்த பிளாக்கின் உள்ளடக்கம் செல்லாது என்று எச்சரிக்கை வரும். அதைத் தவிர்க்கப் பழைய வடிவத்தையும் நிரலில் தனியே எழுதி வைக்க வேண்டும். வாசகர் பார்க்கும் பக்கத்திலோ பழைய அட்டைதான் தெரிந்துகொண்டிருக்கும். அதனால் நூல் அட்டைக்கு டைனமிக் வகையைக் கேட்டு வாங்குங்கள்; கட்டளையிலேயே அதற்கு வழி உண்டு. அப்போது ஒரு பிஎச்பி கோப்புதான் ஒவ்வொரு முறையும் அட்டையை வரைகிறது. அதை ஓரிடத்தில் திருத்தினால் எல்லாப் பக்கத்திலும் மாறிவிடும்.

ஆனால் விலையை பிளாக்குக்குள்ளேயே தட்டச்சு செய்தால் டைனமிக் வகையும் காப்பாற்றாது. நூல் ஒவ்வொன்றும் தனிப் பதிவாக இருந்து, விலை அதில் மட்டும் இருக்க வேண்டும். பிளாக் அந்த நூலின் எண்ணை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும். பிளகினை நிறுத்தினால் டைனமிக் அட்டை பக்கத்திலிருந்து மறைந்துவிடும் என்பதும் உண்மைதான். ஒருமுறை எழுதி மாற்றாமல் விடும் ஆசிரியர் குறிப்பு போன்றவற்றுக்கு எச்டிஎம்எல் பதிவிலேயே தங்கும் முதல் வகை நல்லது.

நூல்களுக்கான தனிப் பதிவு வகையை உருவாக்க ஜெனரேட்டபிள்யூபி போன்ற இணையதளங்கள் உதவும். படிவத்தை நிரப்பினால் பிஎச்பி நிரல் கிடைக்கும். திரையில் தெரியும் பெயர் தமிழில் இருக்கலாம். உள்ளடையாளம் மட்டும் சிறிய ஆங்கில எழுத்துகளில், 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும். நூல்களின் முகவரியிலும் கவனம் தேவை. தமிழின் ஒவ்வொரு குறியும் முகவரியில் 9 எழுத்துகளாக விரிகிறது; வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பதோ 200. புள்ளியும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படுவதால் 22 குறிகளோடு முகவரி வெட்டுப்படும். முகவரியைச் சுருக்கமாக நீங்களே எழுதிவிடுங்கள். கிடைத்த நிரலைத் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் ஒட்டவே கூடாது. வேறு தீமுக்கு மாறும் நாளில் தரவு தரவுத்தளத்தில் இருக்கும், ஆனால் நூல்களின் பக்கங்கள் திறக்காது.

எடிட் கோப்பை எழுதத் தேவையான ரியாக்ட் தெரியாமல் பிஎச்பி மட்டும் தெரிந்தவருக்கு அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ், சுருக்கமாக ஏசிஎஃப், பெரிய துணை. புலங்களைச் சொடுக்கிச் சேர்த்து, அட்டையின் வடிவத்தை ஒரு பிஎச்பி கோப்பில் எழுதினால் முடிந்தது. பிளாக் வசதிக்கு அதன் கட்டணப் பதிப்பு வேண்டும். தரவு அதன் முறையிலேயே சேமிக்கப்படுவதால் அதை விட்டு வெளியேறுவது எளிதல்ல. 2024 அக்டோபரில், அதன் உரிமையாளரான டபிள்யூபி என்ஜினுடன் ஏற்பட்ட பிணக்கில், வேர்ட்பிரஸ்.ஆர்க் தன் பிளகின் அடைவில் இருந்த இலவச ஏசிஎஃப் பக்கத்தைக் கையகப்படுத்தி, செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்று பெயர் மாற்றியது. டிசம்பரில் நீதிமன்ற உத்தரவுக்குப் பின்னரே அது திரும்பக் கிடைத்தது. எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் அது பிறர் கையில் இருக்கிறது. புல அமைப்புகளை ஜேசன் கோப்பாக ஏற்றுமதி செய்து கையில் வைத்திருங்கள்.

சாட்ஜிபிடி, கிளாட் போன்ற ஏஐ உதவியாளர்களிடமும் கேட்கலாம். கிரியேட்-பிளாக் தந்த கூட்டுக்குள் ஒரு பகுதியை நிரப்பவும், புரியாத வரியை விளக்கச் சொல்லவும் அவை மிக நன்று. முழு பிளகினையும் அவற்றிடம் ஒப்படைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய முறையும் புதிய முறையும் கலந்து வரக்கூடும். திரையில் அச்சிடும் தரவைச் சுத்திகரிக்கும் எஸ்கேப் வரிகள் விடுபட்டிருக்கவும் கூடும். தலைப்பு, இணைப்பு, பட முகவரி மூன்றிலும் அந்த வரிகள் இருக்கின்றனவா என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

பதிப்பகத் தளத்துக்கு என் தேர்வு கிரியேட்-பிளாக்கின் டைனமிக் வகை. நூல் பதிவு வகையின் நிரலும் அதே பிளகினுக்குள். ரியாக்ட் தெரிந்தவர் குழுவில் இல்லையென்றால் ஏசிஎஃப். எதை எடுத்தாலும், நூல்களை ஏற்றத் தொடங்கும் முன் தளத்தின் நகல் ஒன்றில் அந்த பிளகினை நிறுத்தி, பக்கத்தில் என்ன மிஞ்சுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.