மெய்நிகர் நினைவகத்துக்கு ஏற்ற இடம்

தமிழகத்தின் வடபகுதியில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் உறுப்பாய் விளங்குவது சவ்வாது மலை. சாமை விளையும் சரிவுகளும், தேனும் சந்தனமும் தரும் காடுகளும் உடையது அம்மலை. அதன்கண், கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 725 மீட்டர் உயரத்தில் காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. நகர விளக்குகளின் ஒளி தீண்டாத இருண்ட வானத்தை நாடிய வானியலறிஞர் வைணு பாப்பு, அவ்வூரைத் தம் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். 1968-ஆம் ஆண்டில் 38 செ.மீ. விட்டமுள்ள சிறு தொலைநோக்கி ஒன்று அங்கு நிறுவப்பெற்றது. 1972-இல் ஒரு மீட்டர்த் தொலைநோக்கி வந்தது. நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்ட 2.34 மீட்டர்த் தொலைநோக்கி 1986 சனவரி 6 அன்று திறந்துவைக்கப்பெற்றது. அதனைக் கனவு கண்ட பாப்பு 1982-இலேயே மறைந்துவிட்டார். அத்தொலைநோக்கியும் ஆய்வுக்கூடமும் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

தொலைநோக்கி என்றதும், வானியலார் அதன் முனையில் கண்ணை வைத்து விண்மீனைப் பார்த்துக்கொண்டிருப்பர் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. ஆடி திரட்டிய ஒளி சி.சி.டி. என்னும் ஒளியுணர் சில்லின்மேல் விழுந்து எண்களாக மாறுகிறது. நெடுக்கில் 1024, குறுக்கில் 1024 புள்ளிகள் கொண்ட சில்லு ஒன்றை எடுத்துக்கொள்வோம். புள்ளிக்கு இரண்டு பைட்டு வீதம் ஒரு படத்துக்கு 20,97,152 பைட்டு வேண்டும். அப்படத்தை அப்படியே நம்புவதற்கும் இல்லை. ஒளி புகாமல் எடுத்த படத்தை அதிலிருந்து கழித்து, சீராக ஒளியூட்டிய பரப்பின் படத்தால் வகுத்து, நான்காவதாக ஒரு தூய படத்தைப் பெறவேண்டும். நான்கு படங்களுக்கும் சேர்த்து 80 இலட்சம் பைட்டுக்கு மேல் இடம் தேவை.

பெரிய தொலைநோக்கி இயங்கத் தொடங்கிய காலத்தில் காவலூரில் இத்தகைய கணக்குகளைச் செய்தது வாக்ஸ் 11/780 என்னும் கணினி. அமெரிக்க நாட்டின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1977-இல் அறிமுகப்படுத்திய பொறி அது. அந்நாளைய கணினிகளின் நினைவகம் சில மெகாபைட்டு அளவினதே. ஆயினும் வாக்ஸ், தன்னிடம் இயங்கும் செயல்நிரல்களுக்கு 429 கோடிக்கும் மேற்பட்ட பைட்டுகளுக்கு முகவரி வழங்க வல்லது. ஆழாக்கைக் காட்டிக் கலம் என்று சொல்லும் இவ்வித்தைக்கு மெய்நிகர் நினைவகம் என்று பெயர். மெய்யன்று, மெய்க்கு நிகரானது. கலைச்சொல் ஆக்கியோர் இங்கே நன்கு ஆக்கியுள்ளனர் என்றே சொல்லவேண்டும். வாக்ஸ் என்னும் பெயரே மெய்நிகர் முகவரியின் விரிவு என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். ஆனால் இக்கருத்து அதனினும் பழையது. இங்கிலாந்தில், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தாரின் அட்லசு கணினியில் 1962-இலேயே இது நடைமுறைக்கு வந்துவிட்டது.

இவ்வித்தை நிகழும் முறையை ஒரு காட்சியால் விளக்கலாம். புலவர் ஒருவர் ஒரு நூலின் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறிக்கிறார். அவருடைய சாய்மேசையில் நான்கு சுவடிகளே கொள்ளும். மற்றவை பெட்டகத்தில் உள்ளன. ஐந்தாம் சுவடி வேண்டுமெனில், மேசைமேல் நெடுநேரம் தொடாமற் கிடக்கும் ஒன்றை ஏவலாளிடம் கொடுத்துப் பெட்டகத்தில் வைக்கச் சொல்லி, வேண்டியதை வரவழைக்கிறார். மேசை, நினைவகம், பெட்டகம், வட்டு. சுவடிகளை ஒத்த சம அளவுத் துண்டுகளுக்குப் பக்கங்கள் என்று பெயர். வாக்ஸ் கணினியில் ஒரு பக்கம் 512 பைட்டு. வட்டில் அப்பக்கங்களுக்கென ஒதுக்கிய இடமே பக்கக் கோப்பு.

இனி, அப்பெட்டகத்தை எங்கே வைப்பது? வினா சிறிதாகத் தோன்றலாம். பருவமழைத் திங்களில் மூடிக்கிடக்கும் வானம் தெளிகின்ற அரிய இரவில், எடுத்த படம் செவ்விதாக வந்ததா, மீண்டும் எடுக்கவேண்டுமா என்பதை விண்மீன் மறையுமுன் அறிந்தாகவேண்டியவருக்கு அது சிறிய வினா அன்று. கணினி காத்திருக்கச் சொல்லலாம், வானம் காத்திராது.

காலக் கணக்கைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். வேண்டிய செய்தி படிமுனையின்கீழ் வரச் சராசரியாக அரைச் சுற்று ஆகும். அதற்கு முன் படிமுனையைத் தாங்கிய கை உரிய தடத்துக்கு நகரவேண்டும். அதற்கும் சில மில்லி விநாடி. ஆகப் பத்து மில்லி விநாடிக்குக் குறையாது. நினைவகமோ ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் விடை தந்துவிடும். இடைவெளி ஓர் இலட்சம் மடங்கு. மேசையிலுள்ள சுவடியை எடுக்க ஒரு விநாடி ஆகுமெனில், பெட்டகத்துச் சுவடி வந்து சேர ஒரு நாளும் ஏறத்தாழ நான்கு மணி நேரமும் ஆகும்.

இத்தாமதத்தில் பெரும்பங்கு அக்கையின் அலைச்சலே. இயக்க அமைப்பின் கோப்புகளும், படிக்கவேண்டிய படங்களும், பக்கக் கோப்பும் ஒரே வட்டில் இருப்பின், ஒரே ஏவலாள் மூன்று பெட்டகங்களுக்கும் ஓடவேண்டியவன் ஆகிறான். ஆதலின் பக்கக் கோப்பை வேறொரு வட்டில், அதுவும் வேலை குறைந்த, விரைவு மிகுந்த வட்டில் வைப்பதே தக்கது. அங்கே தனி ஏவலாள் இருக்கிறான். ஒருவன் படத்தைக் கொணரும்போதே மற்றவன் பக்கத்தைக் கொணர்வான்.

பலர் இடறும் இடம் ஒன்றுண்டு. ஒரே வட்டை இரு பிரிவுகளாகப் பிரித்து, இரண்டாம் பிரிவில் பக்கக் கோப்பை வைத்துவிட்டு, வேறிடத்தில் வைத்ததாக மகிழ்வர். பெட்டகத்தின் நடுவே சுண்ணாம்புக் கோடு இழுத்துவிட்டால் ஏவலாள் இருவராகிவிடுவானா? கை ஒன்றே. முன்னைவிடத் தொலைவாகவும் அது ஓடவேண்டியதாகிறது. ஒரு வட்டே உடையவர், கோப்பு துண்டுதுண்டாய்ச் சிதறாவண்ணம் தொடக்கத்திலேயே போதிய இடத்தைத் தொடர்ச்சியாக ஒதுக்கிவிடுதல் நலம்.

வாக்ஸ் கணினியின் இயக்க அமைப்பை உருவாக்கியவருள் தலையாயவர் டேவிட் கட்லர். அவரே பின்னர் மைக்ரோசாப்டு நிறுவனத்தில், 1993-இல் வெளிவந்த விண்டோசு என்.டி. அமைப்பின் ஆக்கத்துக்கும் தலைமை தாங்கினார். இன்று பள்ளியிலும் அலுவலகத்திலும் உள்ள விண்டோசு கணினிகள் அதன் வழிவந்தவை. அவற்றிலும் பக்கக் கோப்பின் பெயர் பழைய பெயராகிய பேஜ்ஃபைல் என்பதே. பக்கக் கோப்பை வேறு வட்டுக்கு மாற்றுவோர், இயக்க அமைப்பு உள்ள வட்டிலும் சிறியதொன்றை விட்டுவைப்பது நன்று. கணினி திடீரென நின்றுவிட்டால், நின்ற காரணத்தை ஆராய உதவும் பதிவு அதன் வழியாகவே எழுதப்படுகிறது.

இக்காலத்தில் சுழலும் வட்டுக்கு மாற்றாகத் திண்ம நிலைச் சேமிப்பகம் வந்துள்ளது. அதில் சுழற்சியும் இல்லை, கையும் இல்லை, ஒரு மில்லி விநாடியின் பத்தில் ஒரு பங்கில் செய்தி கிடைக்கும். சுழல்வட்டும் திண்மச் சேமிப்பகமும் ஒருங்கே உடைய கணினியில், இயக்க அமைப்பும் உடனிருப்பதைப் பொருட்படுத்தாது, பக்கக் கோப்பைத் திண்மச் சேமிப்பகத்தில் வைக்கவேண்டும். எழுத எழுத அது தேயுமே என்று அஞ்சி, பக்கக் கோப்பை மெதுவான சுழல்வட்டுக்கு அனுப்புவோர் சிலர். கருவியைக் காக்க, அதை வாங்கிய பயனையே இழப்பவர் அவர்.

அச்சேமிப்பகமும் நினைவகத்தினும் ஆயிரம் மடங்கு மெதுவானதே. மேசை மிகச் சிறிதாய், வேண்டிய சுவடிகள் மிகப் பலவாய் இருந்தால், வைப்பதும் எடுப்பதுமாகவே பொழுது கழியும். ஒப்புநோக்கும் வேலை நின்றுபோகும். கணினி அந்நிலையை அடைந்தால் பெட்டகத்தை எங்கே மாற்றினும் பயன் சிறிதே. அப்போது வேண்டுவது பெரிய மேசை. அதாவது, கூடுதல் நினைவகம்.