வயிற்றுப் பூச்சியும் கொல்லை மண்ணும்



"பிள்ளை வெல்லமும் மிட்டாயுமா தின்னுது, அதான் வயித்துல பூச்சி" என்று பல வீடுகளில் சொல்கிறோம். வெல்லத்தில் பூச்சி இல்லை. அது மண்ணிலிருந்து வருகிறது.

நாக்குப்பூச்சி என்கிறோமே, அந்த உருண்டைப்புழு சிறுகுடலில் வாழ்கிறது. ஒரு சாணுக்கு மேலும் வளரும். பெண் புழு நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். முட்டை கண்ணுக்குத் தெரியாது. மலத்தோடு வெளியேறி, ஈரமண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்தால் உள்ளே குஞ்சுப்புழு உருவாகிவிடும். பிறகு பிள்ளையின் நகத்திலோ, கழுவாத காய்கறியிலோ ஒட்டி வாய்க்குள் போகிறது.

போனதும் நேரே குடலில் தங்குவதில்லை. இதுதான் வேடிக்கை! குஞ்சுப்புழு குடலைத் துளைத்து, இரத்தத்தோடு ஈரல் வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, மறுபடி விழுங்கப்பட்டுக் குடலுக்கே வருகிறது. அந்தச் சமயம் சில பிள்ளைகளுக்கு வறட்டு இருமலும் இழுப்பும் வரும்.

ஒன்றிரண்டு புழு இருந்தால் ஒன்றும் தெரியாது. கூட்டமாகச் சேர்ந்தால் பிள்ளையின் சோற்றில் பங்கு கேட்கும், உடம்பு தேறாது. பந்து போல் சுருண்டு குடலை அடைப்பதும் உண்டு. பிள்ளை வயிற்றுவலியில் துடித்து, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகாமல் கிடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். அப்போது விளக்கெண்ணெய் கொடுக்கவே கூடாது.

இதன் இனத்தைச் சேர்ந்த கொக்கிப்புழு, பெரும்பாலும் வெறுங்காலைத் துளைத்து ஏறும். குடலைக் கவ்வி இரத்தம் குடிக்கும். கர்ப்பிணிக்குச் சோகை வர இதுவும் ஒரு காரணம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் பூச்சி மாத்திரை வேண்டாம். அதன் பிறகு நர்ஸம்மாவைக் கேட்டுச் சாப்பிடலாம்.

"பச்சைப்பிள்ளை மலம்தானே, அதுல என்ன இருக்கு?" என்று கொல்லையில் வீசாதீர்கள். அதிலும் முட்டை உண்டு, கக்கூஸில் போடுங்கள். கணவன்மாரே, வீட்டில் கக்கூஸ் இருந்தும் வயக்காட்டுப் பக்கம் ஒதுங்குவது பெரும்பாலும் நீங்கள்தான்! அந்தக் காட்டு மண்ணைத்தான் உங்கள் மனைவி களை எடுக்கையில் மிதிக்கிறாள்.

2015-இல் தொடங்கிய தேசிய குடற்புழு நீக்க நாள் திட்டத்தில், 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரை மாத்திரை போதும். நசுக்கித் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். "போன தடவையே போட்டாச்சே" என்று விட்டுவிடாதீர்கள். மாத்திரை வயிற்றில் உள்ள புழுவைத்தான் கொல்லும். கொல்லையில் கிடக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது.