விடுப்பில் வந்தவரும் வீட்டுக் கணக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

ராணுவக் குடும்பங்களின் மனநலம் பற்றிய உன் ஆய்வேட்டுக்கான வினாப்பட்டியல் வந்து சேர்ந்தது. எல்லாக் கேள்விகளும் கணவர் எல்லையில் இருக்கும் மாதங்களைப் பற்றியவை. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சந்தேகம்: “அவர் ஊர் வந்துவிட்டால் சுமை இறங்கிவிடுமே, அதற்குப் பிறகு அளக்கத் தேவையில்லைதானே?” அந்த வரியைத் தாண்டி மேலே போக முடியவில்லை. உன்மேல் கோபமில்லை. திரைப்படத்திலிருந்து மேடைப் பேச்சு வரை எல்லாரும் ரயில் நிலையத்தில் அவர் இறங்கும் காட்சியோடு கதையை முடித்துவிடுகிறார்கள். ஆய்வு செய்யப் போகிறவனும் அங்கேயே முடித்தால் எப்படி?

அமெரிக்கச் சமூகவியலாளர் ரூபன் ஹில் 1949-இல் வெளியிட்ட நூலுக்கு அடிப்படை, அயோவா மாநிலத்தைச் சேர்ந்த 135 குடும்பங்கள். இரண்டாம் உலகப் போருக்குத் தந்தையை அனுப்பி, பிறகு திரும்பப் பெற்றவை. போர்ப் பிரிவு ஒரு நெருக்கடி, மறுகூடல் இன்னொரு நெருக்கடி என்று நூலின் துணைத் தலைப்பிலேயே இரண்டையும் ஹில் சமமாக நிறுத்தினார். குடும்ப நெருக்கடியை விளக்கும் அவருடைய ஏ-பி-சி-எக்ஸ் மாதிரியை நீ பாடத்தில் படித்திருப்பாய்; அதை விட்டுவிடுவோம். பாடநூல்கள் ஓரிரு வரியில் கடந்துபோகும் வேறொரு பகுதிதான் இங்கே முக்கியம்.

அணிவகுப்பில் ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் நெருங்கி நின்று இடைவெளியை மூடிக்கொள்வார்கள் அல்லவா? தந்தை போன குடும்பமும் அப்படித்தான் மூடிக்கொள்கிறது என்றார் ஹில். வரவு செலவு மனைவியின் கைக்கு வருகிறது. கண்டிப்பும் கொஞ்சலும் அவளுடையதே ஆகின்றன. மூத்த பிள்ளை அப்பா செய்த வேலைகளைப் பார்க்கத் தொடங்குகிறது. இடைவெளியை மூடாத குடும்பம் பிரிவுக் காலத்தில் தத்தளிக்கிறது. முழுக்க மூடிவிட்ட குடும்பம் பிரிவை நன்றாகவே கடக்கிறது; ஆனால் திரும்பி வந்தவருக்கு அங்கே நிற்க இடமில்லை. பாதி மூடி, தந்தைக்குரிய இடத்தை ஓரளவு வைத்திருந்த குடும்பங்களே மறுகூடலை எளிதாகக் கடந்தன.

இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள். பிரிவைத் தாங்கும் திறனும் மறுகூடலைத் தாங்கும் திறனும் ஒன்றல்ல. சில வீடுகளில் ஒன்று மற்றொன்றுக்கு இடைஞ்சலாகவே வருகிறது. “ராணுவ வீரர் மனைவி எதையும் தாங்குவார்” என்ற புகழ்ச்சி எரிச்சல் தருவது இதனால்தான். தனியாகத் தாங்கக் கற்றவள், அவர் வந்ததும் கற்றதையெல்லாம் கைவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவள் முகம் சுளித்தால் குறை அவளுடையது என்கிறோம். உன் ஆய்வேட்டில் அப்படி ஒரு வரிகூட இருக்கக் கூடாது.

இங்கே முல்லைப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடிதான். அரண்மனையில் அரசி காத்திருக்கிறாள். பாசறையில் அரசன் தூங்காமல் கிடக்கிறான். அவன் நினைவில் ஓடுபவை வெட்டுண்ட யானைகள், மாண்ட வீரர்கள், அம்பு தைத்துத் தீனி தின்னாமல் துவளும் குதிரைகள். போரின் நடுவே மனம் எப்படி இருக்கும் என்பதைப் புலவர் நப்பூதனார் எவ்வளவு துல்லியமாகப் பார்த்திருக்கிறார்! ஆனால் வென்று திரும்பும் அவன் தேர்க்குதிரைகளின் ஓசை அரசியின் காதில் விழுந்ததும் பாட்டு முடிந்துவிடுகிறது. முல்லைத் திணைக்கு அது போதும். பாசறையில் தூக்கமிழந்து கிடந்த அந்த மனிதன் வீட்டுக்குள் நுழைந்த மறுவாரம் என்ன நடந்தது என்று கேட்பது உன் துறையின் வேலை.

உன் பட்டியலுக்கு ஆதாரமாக அலிசா மான்ஸ்ஃபீல்டும் குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டியிருக்கிறாய். நல்ல தேர்வு. அமெரிக்கத் தரைப்படையினரின் மனைவியர் 2,50,626 பேரின் 2003 முதல் 2006 வரையிலான மருத்துவப் பதிவுகளை அவர்கள் அலசினார்கள். கணவர் போர்முனைக்குப் போகாதவர்களோடு ஒப்பிட்டால், 11 மாதம் வரை போயிருந்தவர்களின் மனைவியரில் ஆயிரத்துக்கு 27.4 பேருக்குக் கூடுதலாக மனச்சோர்வு கண்டறியப்பட்டது. 11 மாதத்தைத் தாண்டியபோது அந்தக் கூடுதல் 39.3 ஆனது. பிரிவு நீண்டால் சுமை கூடும் என்பதற்கு இது வலுவான சான்று. அவர் வந்தால் இறங்கிவிடும் என்பதற்கு இதில் சான்று இல்லை. அதை நீயாகச் சேர்த்துக்கொண்டாய்.

பிள்ளைகளைப் பார். அதே 2010-இல் அனிதா சந்திராவின் குழு ராணுவக் குடும்பங்களில் 11 முதல் 17 வயது வரையான 1,507 பேரிடம் விசாரித்தது. பெற்றோரில் ஒருவர் போர்ப்பணிக்காகப் பிரிந்திருந்த காலம் நீண்டிருந்தாலும், வீட்டில் இருந்தவரின் மனநலம் குன்றியிருந்தாலும், பிள்ளைகளுக்குச் சிக்கல் கூடியது. பிரிவின்போது மட்டுமல்ல, திரும்பி வந்த பிறகும். பிரிட்டனில் நிக்கோலா ஃபியரும் குழுவினரும் 2018-இல் சொன்னது இன்னும் கூர்மையானது. இராக்குக்கோ ஆப்கானிஸ்தானுக்கோ தந்தை போய்வந்ததற்கும் பிள்ளைகளின் நடத்தைச் சிக்கலுக்கும் தொடர்பு தென்படவில்லை. தந்தைக்குப் போர் அதிர்ச்சியின் பின்விளைவுகள் இருந்ததற்கும் பிள்ளைகளின் மிகைத் துடிப்புக்கும் தொடர்பு இருந்தது. எத்தனை மாதம் போயிருந்தார் என்பதோடு எப்படி வந்தார் என்பதையும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

எல்லாக் குடும்பமும் உடைகிறது என்ற மறுகோடிக்கும் ஓடிவிடாதே. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2,700-க்கும் மேற்பட்ட ராணுவக் குடும்பங்களை மூன்று ஆண்டுகள், நான்கு மாதத்துக்கு ஒரு முறை விசாரித்து 2016-இல் அறிக்கை தந்தது. பெரும்பாலான குடும்பங்கள் பழைய நிலைக்கு மீண்டன. போர்ப்பணியில் பிரிந்திருந்தபோது வீட்டோடு அடிக்கடி பேசியவர்களின் இல்லறத்தில் மனநிறைவு கூடுதலாக இருந்தது. ஹில் சொன்ன பாதி மூடிய இடைவெளியை இங்கே பார்க்கிறாய் அல்லவா?

இனி நம் ஊருக்கு வா. அமெரிக்க ஆய்வுகள் நீண்டதொரு பிரிவையும் அதன் முடிவையும் அளக்கின்றன. இந்திய ஜவானுக்கு ஆண்டு விடுப்பு 60 நாள், கேஷுவல் லீவு 30 நாள். ஃபீல்டு ஏரியா எனப்படும் களப்பகுதியில் குடும்பத்தை வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே போவதும் வருவதும் ஆண்டுதோறும் நடக்கிறது; இடைவெளியை மூடுவதும் திறப்பதும் அதே கதிதான். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருக்கும் ஊரில், அவருடைய இடத்தை மனைவி மட்டும் நிரப்புவதில்லை. மாமனார் நிரப்புகிறார், கொழுந்தன் நிரப்புகிறான். ஹில்லின் 135 குடும்பங்களை அப்படியே இங்கே பொருத்தினால் தவறிப்போவாய்.

ஆகவே பட்டியலைத் திருத்து. அவர் வந்த முதல் வாரத்தில் போய் நிற்காதே. அப்போது வீட்டில் உறவினர் கூட்டம்தான் இருக்கும். விடுப்பின் நடுவில் ஒரு தடவை, திரும்பிப் போன ஒரு மாதத்தில் ஒரு தடவை கேள். ஏடிஎம் அட்டை யாரிடம் இருக்கிறது, மதிப்பெண் அட்டையில் யார் கையெழுத்துப் போடுகிறார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முடிவெடுப்பவர் யார் என்று இரண்டு தடவையும் அதே கேள்விகளைக் கேட்டு, விடை மாறிய வீடுகளைத் தனியே குறித்துவை. மாமியார் பக்கத்தில் இல்லாத நேரத்தில் மனைவியிடம் பேசு. கணவரின் தூக்கத்தைப் பற்றி அவரிடமும் கேள், அவளிடமும் கேள். களத்துக்குப் புறப்படும் முன் திருத்திய பட்டியல் என் பார்வைக்கு வர வேண்டும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்